டேனிஷை முதலில் காதால் படியுங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் இருக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கணவருக்கு டென்மார்க்கின் ஓடென்ஸ நகரில், ரோபோ செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. நான்கு மாதத்தில் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். அவர் பி.காம். முடித்து எட்டு வருடம் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு பார்த்தவர். மகளுக்கு நான்கு வயது. "அங்கே எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும், டேனிஷ் எதற்கு என்கிறார்கள். உலகத்திலேயே கஷ்டமான உச்சரிப்பு என்றும் பயமுறுத்துகிறார்கள். போவதற்கு முன்பே படிக்க வேண்டுமா? எங்கிருந்து தொடங்குவது? மகள் தமிழை மறந்துவிடுவாளோ என்று அம்மா வேறு கவலைப்படுகிறார்."

நான் 2012-ல் மதுரையிலிருந்து டென்மார்க்கின் இன்னொரு நகரமான ஆர்ஹூஸுக்கு வந்தவள். வரும்போது 'தக்' என்ற ஒரே வார்த்தைதான் தெரியும். நன்றி என்று பொருள். அதையும் தப்பாகச் சொன்னேன். அப்புறம் மொழிப் பள்ளி, தேர்வு, வேலை எல்லாம் ஆயிற்று. இப்போது வாரம் ஒரு மாலை, நூலகத்தில் நடக்கும் மொழிக் கஃபேயில் புதிதாக வந்தவர்களோடு உட்கார்ந்து பேசுகிறேன். அந்த மேஜையில் பார்த்ததை வைத்துத்தான் இந்தப் பதில்.

கண்டிப்பாகப் படியுங்கள். ஆனால் பெரும்பாலானோர் தொடங்கும் இடத்திலிருந்து தொடங்காதீர்கள். வார்த்தைப் பட்டியல், இலக்கணப் புத்தகம் இரண்டையும் மூன்று மாதத்துக்கு ஓரமாக வையுங்கள். இந்த நான்கு மாதமும் காதுக்கும் வாய்க்கும் போகட்டும். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த ஆங்கில விஷயம். அவர்கள் சொல்வது பொய்யில்லை. கடை, பஸ், டாக்டர், பேங்க் எங்கேயும் ஆங்கிலத்தில் சமாளித்துவிடலாம். உங்கள் கணவர் ஆபீஸில் ஆங்கிலமே ஓடும். பத்து வருடம் இருந்துவிட்டு ஒரு வாக்கியம் டேனிஷ் பேசத் தெரியாதவர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் மதியச் சாப்பாட்டு மேஜையில் ஆறு பேர் சிரிக்கும்போது ஏன் சிரிக்கிறார்கள் என்று அவர்களுக்குப் புரியாது. மகளின் பால்வாடியில் பெற்றோர் கூட்டம் டேனிஷில்தான் நடக்கும். அரசாங்கக் கடிதம் எல்லாம் தபாலில் வராது. 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் டிஜிட்டல் தபால் பெட்டி உண்டு, அதில் டேனிஷில் வந்து விழும்.

உங்கள் விஷயத்தில் வேலையும் சேர்கிறது. மென்பொருள், ஆராய்ச்சி, பெரிய மருந்துக் கம்பெனி என்றால் ஆங்கிலம் போதும். கணக்கு அப்படியில்லை. நீங்கள் பார்க்கப்போகும் பில், வரிப் படிவம், ஆண்டறிக்கை எல்லாம் டேனிஷில் இருக்கும். நம் ஜி.எஸ்.டி. மாதிரி அங்கே 'மொம்ஸ்', பெரும்பாலான பொருள்களுக்கு ஒரே விகிதம், 25 சதவீதம். வவுச்சருக்கு 'பீலே', கணக்குக்கு 'ரைன்ஸ்கேப்', ஆடிட்டருக்கு 'ரெவீசோர்', கணக்கருக்கு 'போவ்ஹொலர்'. வரிக்கு 'ஸ்கத்' என்று பெயர். வீட்டில் கணவன் மனைவி ஒருவரையொருவர் கொஞ்சும்போதும் 'ஸ்கத்' என்றே கூப்பிடுவார்கள், செல்லம் என்கிற அர்த்தத்தில். புதையலுக்கும் அதே சொல். வரி கட்டுவதில் இவ்வளவு பாசம் வைத்திருக்கும் ஜனங்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சரி, மொழிக்கு வருவோம்.

டேனிஷ் கஷ்டம் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் எழுத்தைப் பார்த்து ஒலியை எதிர்பார்த்தவர்கள். எழுத்தில் டேனிஷ் சாதுவானது. வினைச்சொல் நான், நீ, அவர்கள் என்று ஆளுக்கு ஏற்ப மாறாது; தமிழில் ஆறேழு விகுதி போட்டுப் பழகிய நமக்கு அது ஓய்வு மாதிரி. பேச்சில்தான் சிக்கல். 'நிச்சயமாக' என்பதற்கு ஒரு சொல் உண்டு, எழுத 12 எழுத்து வேண்டும். சொல்லும்போது 'செஃபூலி' என்று முடிந்துவிடும். 'எனக்குத் தெரியாது' என்பது நான்கு சொல். காதில் 'டே வே யய் எக' என்று ஒரே மூச்சில் வழுக்கிக்கொண்டு போகும். டேனிஷ்காரர்கள் வார்த்தையின் வாலை விழுங்குகிறார்கள், நடுவில் இருக்கும் மெய்யெழுத்துகளைக் கரைக்கிறார்கள். அவர்கள் குழந்தைகளுக்கே இது சுலபமில்லை. பக்கத்து நாட்டுக் குழந்தைகளோடு ஒப்பிட்டால் டேனிஷ் குழந்தைகள் ஆரம்பத்தில் வார்த்தைகளைப் பிடிப்பது மெதுவாக இருக்கிறது என்று டென்மார்க் ஆய்வாளர்களே கண்டிருக்கிறார்கள். அப்புறம் எட்டிப் பிடித்துவிடுகிறார்கள்.

இங்கேதான் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. அதை யாரும் சொல்லித் தருவதில்லை. எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று என்று இரண்டு மொழிகளை ஒரே பெயரில் வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள் நாம். 'என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்' என்று எழுதுகிறோம், 'என்ன பண்ணிட்ருக்கீங்க' என்று பேசுகிறோம். புத்தகத்தை மட்டும் வைத்துத் தமிழ் படித்த ஒரு வெளிநாட்டுக்காரரைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டால் கண்டக்டர் சொல்வதில் ஒரு வார்த்தை புரியுமா? டேனிஷ் படிக்கும் பலரின் நிலைமை அதுதான். எழுத்தைப் பார்த்துப் பேச்சை ஊகிக்காமல், பேச்சைத் தனியாக, எழுத்தைத் தனியாகப் படிக்க வேண்டும். 'ஏன் எழுதினபடி சொல்ல மாட்டேன் என்கிறார்கள்' என்று மேஜையில் கோபப்படுபவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

இனி ஒலிகள். தமிழ் எழுத்தில் நான் காட்டுவதெல்லாம் தோராயம்தான்.

உயிரெழுத்து எழுத்தில் ஒன்பது. ஒலியில், குறில் நெடில் எல்லாம் சேர்த்தால் இருபதைத் தாண்டும். குறில் நெடில் என்றதும் உங்களுக்கு நிம்மதியாக இருக்க வேண்டும். 'படு', 'பாடு' வித்தியாசம் நமக்குப் பால்குடிப் பழக்கம். டேனிஷில் 'வீலெ' என்றால் ஓய்வெடுப்பது, 'விலெ' என்றால் எண்ணியிருந்தது, விரும்பியது. இதைக் கேட்டுப் பிரிக்க என் வகுப்பில் இருந்த சிலர் திணறினார்கள்; எனக்கு முதல் நாளே கேட்டது. மெய்யெழுத்து இரட்டித்து எழுதியிருந்தால் அதற்கு முன்னால் வரும் உயிர் பெரும்பாலும் குறில். இந்த ஒரு விதி போதும்.

கடைசி மூன்று எழுத்துகள் புதிதாக இருக்கும். 29 எழுத்துள்ள நெடுங்கணக்கில் அவை வாலில் வரும். ஆங்கில ஏ-யும் ஈ-யும் ஒட்டிப் பிறந்த ஒரு எழுத்து (æ), அது நம் 'ஏ' ஒலிக்குப் பக்கம். தலையில் வளையம் வைத்த ஆங்கில ஏ (å), அது நம் 'ஓ'-வுக்குப் பக்கம். 1948-ல் நடந்த எழுத்துச் சீர்திருத்தத்தில் வந்தது, அதற்கு முன் இரண்டு ஏ சேர்த்து எழுதினார்கள். எங்கள் ஆர்ஹூஸ் நகராட்சி 2011-ல் வளையத்தைக் கழற்றிப்போட்டு, பழையபடி இரண்டு ஏ-வுக்கே திரும்பிவிட்டது. மூன்றாவது, குறுக்கே கோடு போட்ட ஓ (ø). இதுதான் தொல்லை. 'ஏ' என்று சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் 'ஓ' போலக் குவியுங்கள். நாக்கு நகரக் கூடாது. அதேபோல் ஒய் எழுத்துக்கு, 'ஈ' என்று சொல்லிக்கொண்டே உதட்டை 'ஊ' போலக் குவிக்க வேண்டும். ஏதோ வெளியூர்ச் சமாசாரம் என்று நினைக்காதீர்கள். 'வீடு' என்று எழுதுகிறோம், அவசரத்தில் சிலர் 'வூடு' என்கிறார்கள். அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளி இருக்கிறது பாருங்கள், அங்கேதான் ஒய் உட்கார்ந்திருக்கிறது. 'பெண்ணு'க்கும் 'பொண்ணு'க்கும் நடுவே கோடு போட்ட ஓ.

அடுத்தது தமிழர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம். டேனிஷில் பி (b), டி (d), ஜி (g) என்று எழுதுவதை அவர்கள் சொல்லும் விதம், நாம் சொல்லின் முதலில் ப, ட, க சொல்வது போலவே இருக்கும். அதிர்வே இல்லாத சாதாரண ப, ட, க. வன்மையான வகைக்கு, அதாவது p, t, k எழுத்துகளுக்கு, அவர்கள் மூச்சைச் சேர்த்து ஊதுவார்கள், ஹிந்தியில் சாப்பாட்டைச் சொல்லும் 'கானா'வில் வரும் க மாதிரி. நாம் ஊதுவதில்லை. அதனால் நாம் வன்மையாகச் சொன்னதாக நினைப்பது அவர்கள் காதுக்கு மென்மையாகப் போய்ச் சேரும். காருக்கு 'பீல்', அம்புக்கும் 'பீல்'. தமிழில் வேறு மாதிரி எழுதக்கூட வழியில்லை. ஊதினால் அம்பு, ஊதாவிட்டால் கார். வந்த புதிதில் ஒருவர் லிஃப்ட் தருகிறேன், நீ ஓட்டுகிறாயா என்று கேட்டார். எனக்கு ஓட்டத் தெரியாது என்று சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓட்டுவதற்கும் செய்வதற்கும் உள்ள வினைச்சொற்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. உயிரொலியில் நூலளவு வித்தியாசம், முதல் எழுத்தில் ஊதலும் ஊதாமையும். "என்னால் செய்ய முடியாது" என்று சொல்லி நிறுத்தியிருக்கிறேன். 'எதை?' என்று காத்துக்கொண்டிருந்தார் பாவம்.

இதற்கு மருந்து எளிது. உதட்டுக்கு முன்னால் ஒரு டிஷ்யூ காகிதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வன்மையான எழுத்துக்குக் காகிதம் ஆட வேண்டும், மென்மையானதற்கு ஆடக் கூடாது. தினம் ஐந்து நிமிடம். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

பிறகு மென்மையான டி (d). உயிருக்குப் பின்னால் வரும்போது இந்த எழுத்து பல இடங்களில் ல போல உருகிவிடும். சாப்பாட்டுக்கான சொல் எழுத்தில் 'மத்' மாதிரி தெரியும், காதில் 'மல்' மாதிரி விழும். உங்கள் ஓடென்ஸவின் நடுவில் இருப்பதும் இதே ஒலிதான். நான் எழுதியிருக்கிறபடி நீங்கள் சொன்னால் அங்கேயே பிறந்தவருக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் ஒட்டிவைத்துவிட்டு ல சொல்ல முயலுங்கள், கிட்டத்தில் வந்துவிடும். ழ சொல்லத் தெரிந்தவர்களுக்கு இது வந்துவிடும் என்று ஒரு கட்டுக்கதை உலவுகிறது. ழ-வுக்கு நாக்கு மேலே சுருள்கிறது, இதற்குக் கீழே படுக்க வேண்டும். ஆனால் ஒன்று, ழ சொல்ல வராத வெளியாட்களை நாம் எப்படிப் பெரிய மனதோடு மன்னிக்கிறோமோ அப்படியே அவர்களும் நம்மை மன்னிக்கிறார்கள்.

தொண்டையில் ஒரு அடைப்பு உண்டு, 'ஸ்தூத்' என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரின் கடைசி ஒலியும் மேலே சொன்ன உருகும் டி-தான். விக்கல் வருவதற்கு முன் தொண்டை ஒரு கணம் இறுகுமே, அது. 'ஹுன்' என்றால் அவள், அதையே அடைப்போடு சொன்னால் நாய். இதைக் கேட்டுப் பலர் பயந்துபோகிறார்கள். பயப்பட வேண்டாம். நீங்கள் போகும் ஃப்யூன் தீவின் தெற்குப் பக்கத்துப் பழைய வட்டார வழக்கில் இந்த அடைப்பே கிடையாது, அவர்களும் டேனிஷ்காரர்கள்தானே. சூழலை வைத்துப் புரிந்துகொள்வார்கள். இரண்டாம் வருடத்தில் தானாக வரும்.

இப்போது எண்கள். இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் டென்மார்க்கில் நீங்கள் இறங்கியதும் உங்களை எண்ணாக்கிவிடுவார்கள். 1968-லிருந்து நடக்கும் மக்கள் பதிவேட்டில் உங்களுக்கு 10 இலக்க எண் தருவார்கள். முதல் ஆறு இலக்கம் பிறந்த நாள், மாதம், வருடம். பேங்க், டாக்டர், மொழிப் பள்ளி எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி. ஃபோன் எண் எட்டு இலக்கம்; அதை ஒவ்வொன்றாகச் சொல்ல மாட்டார்கள், இரண்டிரண்டாகச் சேர்த்து நான்கு எண்ணாகச் சொல்வார்கள். நாற்பது வரை பிரச்சினையில்லை. அதற்கு மேல் இருபது இருபதாக எண்ணும் பழைய கணக்கு தொடங்கும். அறுபதுக்கு 'ட்ரெஸ்', அதாவது மூன்று இருபது. எண்பதுக்கு 'ஃபீர்ஸ்', நான்கு இருபது. அப்போ ஐம்பது? இரண்டரை இருபது. அந்த இரண்டரையை அவர்கள் 'மூன்றாவதில் பாதி' என்று சொல்கிறார்கள்: இரண்டு முழுசு, மூன்றாவது பாதி. அதுதான் 'ஹல்ட்ரெஸ்'. எழுபது 'ஹல்ஃப்யேர்ஸ்', நான்காவதில் பாதி, மூன்றரை இருபது. தொண்ணூறு 'ஹல்ஃபெம்ஸ்', நாலரை இருபது. இதற்கு மேல் ஒன்றாம் இலக்கம் முன்னால் வரும். 97 என்றால் 'ஏழும் நாலரை இருபதும்'.

கேட்டதும் எல்லோரும் தலையில் கை வைப்பார்கள். ஆனால் நம் வீட்டிலும் இப்படி ஒரு கோணல் இருக்கிறது. எண்பதுக்கு அடுத்து 'ஒன்பது பத்து' என்று எதுவும் வராமல் நூறைக் கொண்டுவந்து தொண்ணூறு என்கிறோம். எண்ணூறுக்கு அடுத்து ஆயிரத்தை இழுத்துவந்து தொள்ளாயிரம் என்கிறோம். எந்தக் குழந்தையும் காரணம் கேட்டுவிட்டுப் படிப்பதில்லை. அதேபோல, இருபதால் பெருக்கிக் கண்டுபிடிக்க முயலாமல் ஒலியாகவே மனப்பாடம் செய்யுங்கள். பஸ் எண், கடை பில், வண்டிப் பலகை எதைப் பார்த்தாலும் டேனிஷில் சொல்லுங்கள். திருச்சியில் இருக்கும்போதே ஆரம்பித்துவிடலாம்.

மணி சொல்வதிலும் இந்தப் பாதி வரும். 'ஹல் ட்ரே' என்றால் 'பாதி மூன்று'. மூன்றரை இல்லை, இரண்டரை. நான் முதல் வருடம் மகளைப் பல் டாக்டரிடம் மூன்றரைக்குக் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். வரவேற்பில் இருந்த பெண் ரொம்ப அன்பாகத்தான் அடுத்த மாதத்துக்கு வேறு தேதி கொடுத்தார்.

இலக்கணம் பற்றி இரண்டே விஷயம் சொல்லி நகர்கிறேன். பெயர்ச்சொல்லுக்கு இரண்டு பால் உண்டு, 'என்', 'எத்' என்று. விதி தேடாதீர்கள், சொல்லைக் கற்கும்போதே அதையும் ஒட்டிக் கற்றுவிடுங்கள். பெரும்பான்மை 'என்' என்பதால், தெரியாவிட்டால் 'என்' என்று துணிந்து சொல்லலாம். 'அந்த' என்ற குறிப்பு சொல்லுக்குப் பின்னால் விகுதியாக ஒட்டும். விகுதி ஒட்டியே பழகிய நமக்கு அது அந்நியம் இல்லை. இரண்டாவது, வினைச்சொல். தமிழில் அது கடைசியில் வரும். டேனிஷில் சாதாரண வாக்கியத்தில் இரண்டாம் இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காது. 'நாளை வருகிறேன் நான்', 'இன்று சாப்பிடுகிறோம் நாங்கள் மீன்' என்று போகும். இதையும் பத்து வாக்கியம் வாய்விட்டுச் சொன்னால் பிடிபடும், பக்கம் பக்கமாகப் படித்தால் பிடிபடாது.

அப்போ நான்கு மாதம் எப்படிப் போக வேண்டும்? காலையில் சமைக்கும்போது டேனிஷ் வானொலி ஓடட்டும். டி.ஆர். என்பது அங்கே அரசு ஒலிபரப்பு, இணையத்தில் கேட்கலாம். அதன் டி.வி. நிகழ்ச்சிகள் பல வெளிநாட்டில் திறக்காது, வானொலியே போதும். புரிய வேண்டும் என்று முயலாதீர்கள். இரண்டு வாரத்தில் ஒரே இரைச்சல் சொற்களாகப் பிரியத் தொடங்கும். 'எக' என்று வந்தால் இல்லை, 'ஓ' என்று வந்தால் 'உம்', இப்படி ஒவ்வொன்றாகத் தலை நீட்டும். மாலையில் இருபது நிமிடம், ஒரு சின்ன உரையாடலை எடுத்து ஒரு வாக்கியத்தைப் பத்து முறை கேட்டு, அப்படியே பாடகர் பின்னால் பாடுவது போலத் திருப்பிச் சொல்லுங்கள். ஃபோனில் பதிவு செய்து இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். சங்கடமாக இருக்கும், அதனாலேயே பலன் தரும். சந்தேகம் வந்தால் 'தென் டான்ஸ்க ஓர்போ' என்ற பெரிய டேனிஷ் அகராதி இணையத்தில் இலவசம், பெரும்பாலான சொற்களுக்கு ஆளே பேசிய ஒலி இருக்கிறது. ஃபோன் செயலிகளைப் பற்றிக் கேட்பீர்கள். தினமும் தொடும் பழக்கம் வரும், அவ்வளவுதான். ஆமை வெண்ணெய் தின்கிறது மாதிரி வாக்கியங்களை வைத்துக்கொண்டு டாக்டரிடம் பேச முடியாது.

கடைசி மாதத்தில் வேண்டுமானால் புத்தகத்தைத் திறவுங்கள். அப்போது எழுத்தைப் பார்த்தால் காது முன்பே அறிந்த ஒலிக்கு முகம் கிடைக்கும்.

அங்கே போன பின் வழி நேராக இருக்கிறது. பதிவெண் வந்ததும் உங்கள் 'கொம்யூன', அதாவது நகராட்சி, மொழிப் பள்ளிக்கு அனுப்பும். டேனிஷ் கல்வியில் மூன்று தடம் உண்டு, ஆளின் படிப்பைப் பொறுத்து. பட்டதாரியான உங்களை மூன்றாவதில் போடுவார்கள், ஆறு பகுதிகள், கடைசியில் மூன்றாம் டேனிஷ் தேர்வு. நிரந்தர வசிப்புரிமைக்குப் பொதுவாக இரண்டாம் தடத்தின் தேர்வு வேண்டும், குடியுரிமைக்குப் பொதுவாக மூன்றாம் தடத்தின் தேர்வு. முன்பணம், காலக்கெடு பற்றிய விதிகளை அரசு அடிக்கடி மாற்றும். வாட்ஸ்அப் குழுவில் யாரோ மூன்று வருடத்துக்கு முன் சொன்னதை நம்பாமல் கொம்யூனில் கேளுங்கள், வந்த முதல் மாதத்திலேயே கேளுங்கள். 'கொஞ்சம் செட்டில் ஆகிவிட்டு' என்று தள்ளிப்போட்டவர்கள்தான் என் மேஜைக்கு ஐந்தாம் வருடத்தில் வந்து உட்காருகிறார்கள்.

பள்ளியில் சொல்லித் தராத ஒரு தொல்லையும் இருக்கிறது. நீங்கள் கஷ்டப்பட்டு டேனிஷில் ஒரு வாக்கியம் சொன்னதும் எதிரில் இருப்பவர் பளிச்சென்று ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். உதவி செய்வதாக நினைப்பு. உங்களுக்கு மனசு விட்டுப்போகும். அதற்கு ஒரு வாக்கியத்தை இப்போதே மனப்பாடம் செய்யுங்கள்: 'மோ வி டேலெ டான்ஸ்க்? யய் ஓவர் மய்.' டேனிஷில் பேசலாமா, நான் பழகிக்கொண்டிருக்கிறேன் என்று பொருள். 'ஓவர்' என்பதில் வருவது அந்தக் கோடு போட்ட ஓ. இதைச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் முகம் மலர்ந்து மெதுவாகப் பேசுவார்கள். மீதி இரண்டு பேருக்கு அவசரம்.

மரியாதை விஷயம் உங்களை முதலில் உறுத்தும். டாக்டரையும் 'டு', மேலதிகாரியையும் 'டு', நீ, நீ, நீ. 'நீங்கள்' என்பதற்கு ஒரு சொல் இருக்கிறது, அது கிட்டத்தட்ட அரச குடும்பத்துக்கும் மிக வயதானவர்களுக்கும் ஒதுங்கிவிட்டது. சார், மேடம் கிடையாது, பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். என் மொழிப் பள்ளி ஆசிரியை அறுபது வயதுக்காரர். பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. ஆங்கிலத்தில் பேச்சுக்கு ஒரு தரம் வரும் 'ப்ளீஸ்' டேனிஷில் இல்லை. நம் வீட்டில் 'தயவுசெய்து தண்ணீர் கொடு' என்று யார் சொல்கிறார்கள்? குரலில் இருக்கும் அந்தக் கனிவை அவர்களும் குரலில் வைக்கிறார்கள். அதற்குப் பதில் 'தக்' மழையாகப் பொழியும். சாப்பிட்டு எழுந்தால் சமைத்தவருக்கு 'சாப்பாட்டுக்கு நன்றி', போன வாரம் பார்த்தவரை இன்று பார்த்தால் 'போன தடவைக்கு நன்றி'. இது எனக்கு ரொம்பப் பிடித்த பழக்கம்.

நீங்கள் தமிழ் என்று சொன்னால் ஐம்பதைத் தாண்டிய சில டேனிஷ்காரர்கள் ஒரு கணம் நிறுத்துவார்கள். காரணம் உண்டு. 1980-களில் இலங்கைத் தமிழர்கள் அகதிகளாக அங்கே வந்தார்கள். 1987-ல் நீதி அமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சன், அவர்களுடைய மனைவி மக்களை வரவழைக்கும் விண்ணப்பங்களைச் சட்டத்துக்குப் புறம்பாக நிறுத்திவைக்கச் செய்தார். விசாரணை அறிக்கை வந்ததும் 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகினார். 1995-ல் அமைச்சருக்கு, நிறுத்திவைக்கப்பட்ட நான்கு மாதத் தண்டனை. 'டமில்ஸேயன்', தமிழர் வழக்கு, என்ற சொல் டேனிஷ் அரசியல் பேச்சில் நிலைத்துவிட்டது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று டாக்டராக, வக்கீலாக இருக்கிறார்கள், டென்மார்க்கின் மேற்குப் பகுதியான யூட்லாந்தின் வட்டார வழக்கில் வெளுத்து வாங்குகிறார்கள். ப்ராண்ட ஊரில் அபிராமி அம்மன் கோயில் இருக்கிறது. திருவிழாவுக்கு ஒரு நடை போய் வாருங்கள், டேனிஷ் படிக்கவும் நல்ல இடம், தவறு செய்தால் தமிழில் திருத்துவார்கள்.

மகளுக்கு வருகிறேன். நான்கு வயதுக்கு 'போர்னஹேவ'. முதல் இரண்டு மாதம் வாயே திறக்க மாட்டாள், கவலைப்படாதீர்கள், கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆறாவது மாதம் உங்களைத் திருத்துவாள். வெட்கப்படாமல் அவளிடம் கேட்டுப் படியுங்கள். இதற்கு உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 1620-லிருந்து 1845 வரை டேனிஷ்காரர்கள் கையில் இருந்த தரங்கம்பாடிக்குத் திருச்சியிலிருந்து ஒரே நாளில் போய் வரலாம். 1706-ல் டேனிஷ் அரசர் அனுப்பி அங்கே வந்திறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார், தமிழ் கற்பதற்குத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். சில வருடத்தில் புதிய ஏற்பாட்டையே தமிழில் அச்சிட்டார். கிளம்பும் முன் மகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கோட்டையைக் காட்டிவிட்டு வாருங்கள்.

தமிழை மறப்பாளா என்றால், வீட்டில் நீங்கள் தமிழ் பேசினால் மறக்க மாட்டாள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் பிள்ளைகளுக்குத் தாய்மொழி வகுப்பு நடத்தும் கடமை நகராட்சிகளுக்கு 2002-லிருந்து இல்லை. ஈழத் தமிழர்கள் வார இறுதியில் நடத்தும் தமிழ்ப் பள்ளிகள் பல ஊர்களில் உண்டு, விசாரியுங்கள். அம்மாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். உறவுமுறையில் டேனிஷ் ஆங்கிலம் மாதிரி வறட்சி இல்லை. அப்பாவின் அம்மா 'ஃபார்மோர்', அம்மாவின் அம்மா 'மோர்மோர்'. யாழ்ப்பாணத்தில் அப்பம்மா, அம்மம்மா என்கிறார்களே, அச்சு அசல் அதுதான். அத்தைக்குத் தனிச் சொல், சித்திக்கும் பெரியம்மாவுக்கும் சேர்த்து ஒரு சொல்.

என் மகள் டென்மார்க் வந்த முதல் கோடையில், வீடியோ காலில் என் அம்மாவைப் பார்த்து முதல் முறையாக "மோர்மோர்!" என்று கத்தினாள். அம்மா ஃபோனைச் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போய் ஃபிரிட்ஜைத் திறந்து சட்டியைக் காட்டி, "இந்தா இருக்குடி கண்ணு, வந்து குடி" என்றார்.